நாலும் தெரிந்தவள்

ஏரிக் காற்று உப்பில்லாமல் வந்து
ஜன்னலை அறையும் ஒஹையோ ஊரில்
எங்கள் கல்லூரிக் குளத்துக்கு ஆறு தடங்கள்.
ஆறிலும் நீந்தியவள் ஜொலீன் ப்ரூசாக்.
நான் ஒன்றில்கூட ஒரு வருடம் தாங்கவில்லை,
தோள் போயிற்று.
அதன்பின் எனக்கு எண் காட்டும் வேலை.

நெடுந்தூரப் பந்தயங்களில்
குளத்தின் மறுகோடியில் மண்டியிட்டு
பிளாஸ்டிக் பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவேன்.
ஒன்று. மூன்று. ஐந்து.
அந்தக் கோடிக்கு ஒற்றைப்படையில்தான் வருவார்கள்.
திரும்புகிற அரை நொடியில்
எத்தனை போயிற்று என்று
தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

அவளை எடுத்தது மல்லாந்து நீந்த.
கூரையில் பதினேழு இரும்புச் சட்டங்கள்,
பதினாறாவதில் துரு, அங்கே கையை நீட்டினால் சுவர்,
என்று எனக்குச் சொன்னவள் அவள்தான்.
அக்டோபரில் பட்டர்ஃபிளைக்காரி காய்ச்சலில் படுத்தாள்.
"உனக்கு அது வருமா?"
கேட்டார் கோச் டெல்மர் ஸ்டாட், தாளிலிருந்து தலை நிமிராமல்.
"வரும்."
அந்த ஒரு சொல்லை
நான்கு வருடம் நீந்தினாள்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு ஆளில்லையா, ஜொலீன்.
தொடரோட்டம் மாதிரி நால்வர் நீச்சலில்
மூன்று பேர்தான் தேறினார்களா, ஜொலீன்.
ஒரு சனிக்கிழமை, டைவிங்கில் ஒரு புள்ளிக்காக
பலகைமேல் ஏறி நேராகக் குதித்தாள்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு.
நடுவர்களும் சிரித்தார்கள். புள்ளி கிடைத்தது.

நாலும் தெரிந்தவள் என்று ஊரில் யாரையாவது சொன்னால்
எனக்கு அவள் நினைவுதான் வரும்,
நாலிலும் இரண்டாவதாக வந்தவள்.

இரண்டாம் வருடம் பிப்ரவரியில், தனிநபர் மெட்லி.
நாலும் ஒரே மூச்சில் கேட்கிற பந்தயம்,
இவளுக்கென்றே செய்தது.
முன்னால் போய்க்கொண்டிருந்தாள், ஓர் உடல் நீளம்.
மூன்றாவது முடிந்து நான்காவது தொடங்குகிற சுவரில்
இரண்டு கைகளும் ஒன்றாகத் தொட வேண்டும்.
ஒன்றுதான் தொட்டது.
மற்றது ஏற்கெனவே
ஃப்ரீஸ்டைலுக்குப் போய்விட்டிருந்தது.

முதலாவதாக வந்து, குல்லாயைக் கழற்றி,
மின்பலகையில் தன் பெயரைத் தேடினாள்.
வெள்ளைச் சட்டைக்காரர் கை உயர்த்தியதை
அவளைத் தவிர எல்லோரும் பார்த்திருந்தோம்.

இரவு, பேருந்தில், டொலிடோ தாண்டி,
எல்லோரும் தூங்கியபின் கேட்டாள்:
"நீ எதில் நீந்துகிறவள் என்று யாராவது கேட்டால்
நான் என்ன சொல்ல?"
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.
பாதியைக் கொடுத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

சாதனைப் பலகையில் அவள் ஒரே இடத்தில் இருக்கிறாள்.
நாலு பேரில் ஒருத்தியாக, கடைசியில்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்.
அவளுக்குத் தெரியாது.

கடைசி வருடம், கடைசிப் போட்டி, கடைசி நாள்.
எங்கள் நெடுந்தூரக்காரி மார்கிட்
விடுதிப் படியில் பனிக்கட்டி வழுக்கிக் கணுக்கால் வீங்கி
வாளித் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.
ஆயிரத்து அறுநூற்றைம்பது கெஜம்,
அறுபத்தாறு நீளம்.
கோச் இந்த முறை கேட்கக்கூட இல்லை. பார்த்தார்.
அவள் கண்ணாடியை நக்கிப் போட்டுக்கொண்டாள்.

நாற்பத்தொன்று வரை ஒழுங்காகத்தான் காட்டினேன்.
அப்புறம் அவளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.
மல்லாந்து நீந்துகிறவளின் தோள்புரட்டல் அதில் இருந்தது,
பட்டர்ஃபிளையின் இடுப்பு,
எங்கும் அவசரமில்லை.
அடுத்த முறையும் நாற்பத்தொன்றையே இறக்கினேன்.
தண்ணீருக்கடியில் அவள் கண் என்னைப் பார்த்தது,
பலகையை அல்ல.
உதைத்துக்கொண்டு போய்விட்டாள்.
அடுத்து நாற்பத்தைந்து காட்டும்போது
என் கை நடுங்கிற்று.

அறுபத்தைந்துக்கு எண் கிடையாது,
முழு ஆரஞ்சு நிறம்.
முழங்கை வரை நனைய அதைக் குலுக்கினேன்.
ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தாள்,
ஐந்தாவதாகவே முடித்தாள்.

ஃப்ரீஸ்டைலில் ஒரு கை போதும்.
இங்கிருந்து பார்த்தேன், இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பால்,
அவள் இரண்டு கைகளாலும்
சுவரைத் தொட்டாள்.